கிளட்ச்சில் வைத்த கால்

கிளட்ச்சை அமுத்திப் பாத்துட்டீங்களா தம்பி? எப்படி இருக்குது? காலோட கூடவே கீழ போயி, காலை எடுத்தா கூடவே மேல வருதுங்களா? அப்படித்தான் வரோணும். எல்லாம் புதுசுங்க. மேல இருக்கற சிலிண்டர் புதுசு, கீழ கியர் பாக்ஸுப் பக்கத்துல இருக்கற சிலிண்டர் புதுசு, ரெண்டுக்கும் நடுவுல ஓடற ஓசுக் குழாய் புதுசு, பிளேட்டு புதுசு. தொண்ணூத்தேழு மாடல் வண்டிக்கு எதுக்கு இந்தக் கெழவன் இத்தனையும் புதுசாப் போட்டான், போட்ட கையோட எதுக்கு விக்கறான்னு நீங்க யோசிக்கறது உங்க மூஞ்சியிலயே தெரியுது. யோசிக்கத்தான் வேணும். நானா இருந்தா நானும் யோசிப்பேன்.

மறைச்சு விக்கற பழக்கம் எனக்கில்லீங்க. சித்தெ இப்படி உக்காருங்க. டீ வெக்க ஊட்டுல ஆளில்ல, கடைக்குப் போன் பண்ணியிருக்கேன், கொண்டாந்து குடுப்பாங்க. அதுக்குள்ள விசயத்தைச் சொல்லிப்போடறேன். கேட்டுப்போட்டு வண்டி வேணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

என்ற பேரு சென்னியப்பன். நூல் மில்லுல முப்பத்திரண்டு வருசம் இருந்தேன். பிட்டரா உள்ள போயி போர்மேனா வெளிய வந்தவன். மெசின் ஓடற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங்கு போகப் போகுதுன்னு சொல்லிப்போடுவேன். பெருமைக்குச் சொல்லலீங்க. மில்லு ஆளுகளை யாரை வேணும்னாலும் கேளுங்க. இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்த வண்டி விசயத்துல எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கற மாதிரி ஒருத்தன் ஊருக்குள்ள பேசிக்கிட்டுத் திரியறான். அவனைப் பத்திப் பின்னால வரேன்.

எனக்கு ஒரே புள்ளைங்க. கலாமணி. அவளோட அம்மா போயி ஆறு வருசமாச்சு. புள்ளையப் பல்லடத்துப் பக்கம் கட்டிக் குடுத்தேன். நல்ல எடம்னுதான் குடுத்தேன். நாலு வருசம் இருந்தா. அப்பறம் ஒரு நாள் மத்தியானம் ஒரே ஒரு பையோட வந்து வாசல்ல நின்னா. மாப்பிள்ளை கை நீட்டற ஆளுன்னு அப்பத்தான் சொன்னா. கையைக்கூடத் தாங்கிக்கலாம்ப்பா, வாயைத்தான் தாங்க முடியலைன்னா. பாலு பொங்கி வழிஞ்சாலும், கண்ணாடி டம்ளர் கை நழுவி விழுந்தாலும், வயித்துல வந்தது தங்காமப் போனாலும், எல்லாத்துக்கும் அவன் ஒரே வார்த்தைதான் சொல்லுவானாம். உனக்கு எதையும் முழுசா வெச்சுக்கத் தெரியாதுன்னு. கரு கலைஞ்சு ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவும் அதையே சொன்னானாம்.

நான் மேக்கொண்டு ஒண்ணும் கேக்கலீங்க. உள்ள வா அம்மிணின்னேன். எத்தனை அப்பன் அப்படிச் சொல்லுவான்? ரெண்டு நாள் சோறு போட்டுப் பஸ் ஏத்தித் திருப்பித் தாட்டி விடறவன்தான் ஜாஸ்தி. நான் அப்படிச் செய்யல. இதையும் நீங்க நெனப்புல வெச்சுக்கோணும்.

அவ படிச்சது லேப் டெக்னீசியன் படிப்பு. சத்தியமங்கலத்துல ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில வேலை கெடச்சுது. வெடியால ஆறரைக்கெல்லாம் தொறக்கோணும். சர்க்கரைக்காரங்க வெறும் வயித்தோட வந்து வரிசையா உக்காந்திருப்பாங்க. ரத்தம் குடுத்துட்டுத்தான் ஒரு வாய் காப்பி குடிக்க முடியும். நம்ம ஊருல இருந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டருங்க. முதல் பஸ்ஸே ஆறு மணிக்கு, அதுவும் கோபி போயி எறங்கி வேற பஸ்ஸு மாறோணும். அதனால நானாத்தான் சொன்னேன், வண்டி சும்மா நிக்குது, டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிப் பழகிக்கன்னு. நானாத்தான் சொன்னேன். யாரும் கேட்டு நான் குடுக்கல.

மூணு மாசத்துல நல்லாவே ஓட்டினா. அதை நான் இல்லைங்கல. அஞ்சே முக்காலுக்கு வண்டிய எடுப்பா, எனக்குத் தூக்கம் கெடக்கூடாதுன்னு கேட்டைக்கூடச் சத்தமில்லாமத் தொறப்பா. மத்தியானம் ரெண்டு மணிக்குத் திரும்பி வருவா. வரும்போது கண்ணாடிய எறக்கி விட்டுப் பாட்டுப் போட்டுக்கிட்டு வருவா. தெருமுக்குல திரும்பும்போதே பாட்டு கேக்கும். சத்தத்தைக் கொறை, நாலு பேரு என்ன நெனப்பாங்கன்னு ஒரு தரம் சொன்னேன். அப்பறம் தெருமுக்கு வந்ததும் நிறுத்திப்போடுவா.

பங்குனி மாசம் ஒரு நாள் வந்து, கிளட்ச் பெடல் கொஞ்சம் கீழ எறங்கின மாதிரி இருக்குதுப்பான்னா. நான் பானட்டைத் தொறந்து பாத்தேன். இந்த வண்டியில கிளட்ச்சுக்குக் கேபிள் கெடையாதுங்க, ஹைட்ராலிக். ரெண்டு ஊசி சிரிஞ்சை ஒரே குழாயில மாட்டி, இதை அமுத்தினா அது தள்ளும் பாருங்க, அதே கணக்குத்தான். பெடலை மிதிச்சா மேல் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், ஆயில் போயிக் கீழ் சிலிண்டரைத் தள்ளும், அது கிளட்ச்சைப் பிரிச்சு விடும். காலை எடுத்தா ஆயில் திரும்பி வந்துரும், கிளட்ச் பிளேட்டு இஞ்சினோட ஒட்டிக்கிட்டு வண்டிய இழுக்கும். மேல ஒரு சின்ன டப்பா இருக்கும், அதுல ஆயிலு ஒரு வெரக்கடை கொறைஞ்சிருந்துது. பழைய வண்டின்னா கசியத்தான் செய்யும்.

என்கிட்ட மில்லு ஆயிலு ஒரு கேன் இருந்துது. கழிவுப் பஞ்சைப் பொதி கட்டற பிரஸ்ஸுக்கு ஊத்தற ஹைட்ராலிக் ஆயில். சாதாரணச் சரக்கில்லீங்க, வெளிநாட்டுச் சரக்கு. தேனாட்டம் இருக்கும். ஹைட்ராலிக் கிளட்ச்சுக்கு ஹைட்ராலிக் ஆயிலு, இதுல யோசிக்க என்ன இருக்குது? ஊத்தி மூடினேன். பெடல் ஜம்முனு மேல வந்து நின்னுருச்சு. பட்டறைக்குப் போயிருந்தா ஒரு நாள் வேலை கெட்டிருக்கும்ப்பான்னு அவளுக்கும் சந்தோசம்.

சித்திரை பொறந்து ரெண்டு வாரம் இருக்கும். வண்டி இழுக்கலைன்னா. ஆக்சிலேட்டரைக் குடுத்தா இஞ்சின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி போகமாட்டேங்குது, பாலத்து மேட்டுல ஏறும்போது கருகற வாசம் வருதுன்னா. அடுத்த நாள் நானும் பக்கத்து சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டேன். கோபியத் தாண்டினதும் அவ சொன்ன மாதிரியே வாசம் வந்துது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு நிமிசம் ஆகலீங்க. கருகற வாசம்னா கிளட்ச் பிளேட்டு தேயுது. பிளேட்டு தேயுதுன்னா காலு. புதுசா ஓட்டறவங்க, அதுலயும் பொம்பளைங்க, பயத்துல கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டேதான் ஓட்டுவாங்க. துளி அமுந்தினாலும் போதும், பிளேட்டு ஒட்டியும் ஒட்டாமயும் சுத்திச் சுத்தியே தேஞ்சு போயிரும். குனிஞ்சு அவ காலைப் பாத்தேன். பெடலுக்குப் பக்கத்துலதான் இருந்துது.

காலை எடு அம்மிணின்னேன்.

“எடுத்துட்டேன்ப்பா. பெடல்தான் முழுசா மேல வரமாட்டேங்குது.”

காலை எடுன்னா எடுக்கோணும். பெடலைக் குத்தம் சொல்லக்கூடாது. எனக்கு எதுத்துப் பேசினா பிடிக்காதுங்க, மில்லுலயும் பிடிக்காது.

அன்னைக்குச் சாயங்காலம் ஒரு சின்ன நோட்டைக் கொண்டாந்து காட்டினா. லேபுல வேலை பாக்கறவ இல்லீங்களா, எல்லாத்தையும் எழுதி வெக்கற புத்தி. வெடியால எடுத்தா பத்து கிலோமீட்டர் வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா பெடல் கல்லாட்டம் ஆகுது, வண்டி இழுக்கறதில்ல. ஓரமா நிறுத்தி அரை மணி ஆறவிட்டா மறுபடியும் சரியாகுது. பன்னண்டு நாளுக்கு இப்படித் தேதி போட்டு, கிலோமீட்டர் போட்டு எழுதி வெச்சிருந்தா. காலுதான் காரணம்னா ஆறவிட்டா எப்படிப்பா சரியாகும், மொதல் பத்து கிலோமீட்டர் நான் காலை எங்க வெச்சிருந்தேன்னு கேட்டா.

வண்டி என்ன உன்ற பேசண்ட்டா, காய்ச்சல் எப்ப வருது எப்ப எறங்குதுன்னு சீட்டெழுதறதுக்குன்னு கேட்டேன். நல்ல பகடின்னு நெனச்சுத்தான் சொன்னேன். அவ சிரிக்கல. நோட்டை மூடிப் பையில வெச்சுக்கிட்டா.

வைகாசியில ஒரு நாள் வண்டி நடு ரோட்டுலயே நின்னு போச்சு. ஆறவிட்டும் எந்திரிக்கல. கட்டி இழுத்துக்கிட்டு அர்த்தநாரி பட்டறைக்குக் கொண்டு போனோம். அர்த்தநாரி என்கூடப் படிச்சவன். ஒம்பதாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. எங்கூட்டுக்காரி செத்தப்போ பதினாறு நாளும் பட்டறையைப் பூட்டிப்போட்டு என்கூட வந்து உக்காந்திருந்தான். மொதல்ல ஒருத்தன்னு சொன்னேன்ல, அவன்தான் இவன்.

கியர் பாக்ஸை எறக்கி, பிளேட்டைக் கழட்டி என்ற கையில குடுத்தான். கருகின தோசையாட்டம் இருந்துது. பாத்தியா, காலுன்னேன். காலாவும் இருக்கலாம், ஆனா ஆயிலு திரும்பி வராம உள்ளயே நின்னுக்கிச்சுன்னாலும் இப்படித்தான் கருகும், பெடல் மேல யாரோ காலை வெச்சுக்கிட்டே இருக்கற மாதிரிதான் அதுவும், எதுக்கும் ரெண்டு சிலிண்டரையும் கழட்டிப் பாத்துரலாம்னான். ஒரு நாள் வேலை. நான் வேண்டாம்னுட்டேன். காரணம் தெரிஞ்சப்பறம் எதுக்குங்க கழட்டோணும்? பிளேட்டை மட்டும் மாத்துன்னேன். மாத்தினான். மொணமொணத்துக்கிட்டேதான் மாத்தினான்.

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. சக்கரை கொறைச்சலா இருக்கும், எனக்குன்னு சொல்லி வெச்சதே உங்களுக்கும் குடுத்துட்டாங்க.

புதுப் பிளேட்டு எத்தனை நாள் வந்துதுன்னு நெனக்கறீங்க? பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளும் அவ கியர் போட்டு முடிச்சதும் எடது காலை சீட்டு மேல மடக்கி வெச்சுக்கிட்டு ஓட்டினாளாம். பெடல்கிட்டயே கால் இருக்கக் கூடாதுன்னு. அர்த்தநாரிகிட்டச் சொல்லியிருக்கா. என்கிட்டச் சொல்லல. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பனான்னு கேட்டீங்கன்னா, சம்மணம் போட்டுக்கிட்டு யாராவது காரு ஓட்டுவாங்களா?

பதினெட்டாம் நாள் பட்டறை வாசல்லயே கொண்டாந்து நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணினா. மறுபடியும் இழுக்கலை, அதே வாசம். நான் போனேன். அங்க அர்த்தநாரி இருந்தான், டிராக்டர் கொண்டாந்த ரெண்டு பேரு இருந்தாங்க, எதுத்த மளிகைக் கடைக்காரர் இருந்தாரு. வெயிலு வேற. பதினேழு நாள்ல ஒரு பிளேட்டுன்னா யாருக்குத்தான் கோபம் வராது? கோபத்துல வாயில என்ன வருதுன்னு யாருங்க பாத்துக்கிட்டு இருப்பாங்க?

“உனக்கு எதையும் முழுசா வெச்சுக்கத் தெரியாது,” ன்னேன்.

சாவியக் குடு, இனி இந்த வண்டியத் தொடாதேன்னேன். அவ சாவியக் குடுக்கல. கையில அப்படியே வெச்சுக்கிட்டு என்ற மூஞ்சியப் பாத்தா. 

“நீங்களுமாப்பா?” ன்னா.

அவ்வளவுதான். அழல, கத்தல. சாவிய பானட் மேல வெச்சுட்டு நடந்து ஊட்டுக்குப் போயிட்டா. அந்த மளிகைக் கடைக்காரர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அர்த்தநாரி, என்ன வார்த்தைடா சொல்லிப்போட்டேன்னான்.

நான் உங்களைக் கேக்கறேன் தம்பி, நீங்களுமான்னா என்னங்க அர்த்தம்? நானும் அந்தப் பல்லடத்தானும் ஒண்ணா? நான் கை நீட்டினேனா? ஊட்டை விட்டுப் போன்னேனா? வண்டியத் தொடாதேன்னேன். என்ற வண்டி. தமிழ்ல இருக்கற வார்த்தை எல்லாருக்கும் பொது, அவன் சொன்னான்கறதுக்காக நான் சொல்லக்கூடாதுன்னு இருக்குதா?

அப்பறம் பஸ்ஸுலதான் போனா. என்ன ஓடினாலும் ஏழே காலுக்கு முன்னால போயிச் சேர முடியல. ஆறரைக்கே வந்து உக்காந்திருந்த ஒரு வயசான அம்மா, சர்க்கரை கொறைஞ்சு மயக்கம் போட்டுப் படியில விழுந்துட்டாங்க. நெத்தியில நாலு தையல். லேப் கடைக்காரர் அன்னைக்கே வேற ஆளைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. ஊட்டுக்கு வந்து, அந்த அம்மா நெத்தியில இருந்து வந்த ரத்தத்தைத் தொடச்ச துணியோட நின்னா. எனக்குச் சங்கடமாத்தான் இருந்துது, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனாலும் ஆறுதலாத்தான் சொன்னேன். விடு அம்மிணி, உனக்கு எதுக்கு வேலையும் சோலியும், நேரத்துல எந்திரிச்சு ஓட வேண்டியதில்ல, எனக்கு ஒரு வாய் சோறாக்கிப் போட்டுக்கிட்டு ஊட்டுல இருன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்.

எட்டாம் நாள், கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேபுல வேலை கெடச்சிருக்குது, லேடீஸ் ஆஸ்டல்ல தங்கிக்கறேன்னா. ஆடி மாசத்துல யாராவது பொறப்படுவாங்களான்னேன். ஒண்ணாம் தேதி சேரோணும்னு சொல்லிட்டாங்கப்பான்னா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரேன்னேன், வேண்டாம்னுட்டா. நானும் கட்டாயப்படுத்தல. வண்டி அந்த நெலமையில இருக்குது, எதுல கூட்டிக்கிட்டுப் போறது?

சரி, இனி கெடுக்க ஆளில்லைன்னு, பட்டறையில இருந்து கொண்டாந்து ஊட்டுல நிறுத்தியிருந்த வண்டிய, அவ போயி ஒரு வாரம் கழிச்சு நானே எடுத்தேன். பிளேட்டு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்துது. கவுந்தப்பாடி சந்தைக்குப் போயிட்டு வரலாம்னு போனேன். பத்தாவது கிலோமீட்டர்ல பெடல் கல்லாட்டம் ஆச்சுங்க. காலை எடுத்துட்டேன், பெடல் முழுசா மேல வரல. இஞ்சின் கத்துது, வண்டி எறும்பாட்டம் நகருது. ஓரமா நிறுத்திப்போட்டு கதவைத் தொறந்து உக்காந்திருந்தேன். அவ நோட்டுல எழுதி வெச்சிருந்த மாதிரியேதான் இருந்துது. எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா, ஒருத்தர் பழக்கின பழக்கம் வண்டிக்கே ஒட்டிக்கும் போலன்னு தோணுச்சு.

அர்த்தநாரிக்குப் போன் பண்ணினேன். ஆற விட்டுறாதே, சூடாவே வெச்சிரு, இஞ்சினை நிறுத்தாதே, நோவு இருக்கும்போதுதான் பாக்கோணும்னு சொல்லிட்டு, பைக்குல பறந்து வந்தான். ஒரு ஸ்பேனர், ஒரு துண்டுக் குழாய், ஒரு காலி பாட்டில், அவ்வளவுதான் கொண்டாந்தான். வண்டிக்கடியில படுத்து, கீழ் சிலிண்டர்ல காத்து எடுக்கறதுக்குன்னு ஒரு சின்ன திருகு இருக்கும், அதை அரைச் சுத்து தளத்தினான். நான் பெடலைத் தொடவே இல்லீங்க, எட்டி நின்னுக்கிட்டு இருக்கேன். ஆயிலு பீச்சிக்கிட்டு வந்துது. மறுபடி முறுக்கிப்போட்டு, இப்ப ஓட்டிப் பாருன்னான். வண்டி புதுசாட்டம் இழுத்துது.

அவன் பட்டறைக்கு வான்னான். அங்க போயி டப்பா மூடியத் தொறந்தான். மூடிக்குள்ள இருந்த ரப்பர் தண்ணியில ஊறின அப்பளமாட்டம் சுருண்டிருந்துது. ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி புடிச்சு, டப்பாவுல இருந்த ஆயில்ல நாலு சொட்டு விட்டான். பிரேக் ஆயிலா இருந்தா தண்ணியோட கரைஞ்சு போயிருமாம். இது மேல மெதந்துது, குழம்புல மெதக்கற எண்ணெயாட்டம். மேல் சிலிண்டரைக் கழட்டி உள்ள இருந்த ரப்பரை எடுத்து, புது ரப்பரோட பக்கத்துல வெச்சான். பழசு பெருசா ஊதியிருந்துது. கட்டை வெரலை வெச்சு அமுத்தினாலும் சிலிண்டருக்குள்ள திரும்பப் போகல. ஆயிலு திரும்பி வர்றதுக்கு ஊசி முனையாட்டம் ஒரு ஓட்டை இருக்குதாம். ஊதின ரப்பர் அதை அடைச்சுக்குமாம். சூடு ஏற ஏற ஆயிலு உள்ளயே பெருத்து, யாரும் மிதிக்காமயே கிளட்ச்சைப் பிரிச்சு வெச்சுக்குமாம். ஆறினா விட்டுருமாம்.

என்னடா ஊத்தினேன்னு கேட்டான். சொன்னேன். மூடி மேலயே பிரேக் ஆயிலு மட்டும் ஊத்துன்னு எழுதியிருக்குதே, படிக்கலையாடான்னான். பொடி எழுத்துல இங்கிலீஷ்ல எழுதினா அதை யாருங்க படிப்பாங்க?

அவன் ஒரு பழைய டயர் மேல உக்காந்துக்கிட்டான். ரொம்ப நேரம் அந்த ரப்பரைக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருந்தான்.

“பேருதான்டா ஹைட்ராலிக். நீ ஊத்தினதுதான் ரப்பரை ஊத வெச்சிருக்குது. அந்தப் புள்ள காலை எடுத்துட்டுத்தான் ஓட்டியிருக்குது, சென்னி. இப்பவே போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லிரு.”

அவன் சொல்றதை ஒரு பேச்சுக்கு நான் ஒத்துக்கறேன் தம்பி. ஆயிலு ஒரு காரணமா இருந்திருக்கலாம். ஆனா காலும் ஒரு காரணமா இருந்திருக்கலாம் இல்லீங்களா? ரெண்டும் சேந்துகூட இருந்திருக்கலாம். அதைச் சொன்னேன். அவன் அசையல. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்னான். என்ற ஊட்டு விசயத்துல தலையிட நீ யாருடான்னேன். பதினாறு நாள் உன்ற ஊட்டுலதான்டா உக்காந்திருந்தேன்னான். சொல்லிக் காட்டறான் பாருங்க. செஞ்சதைச் சொல்லிக் காட்டற ஆளை எனக்கு ஆகாது. வண்டிய முடிச்சுக் குடு, இனி உன்ற பட்டறைப் படிய மிதிக்கமாட்டேன்னேன். மேல கீழ சிலிண்டரு, ஓசு, பிளேட்டு எல்லாத்தையும் மாத்தி, கொழாயெல்லாம் கழுவி, வண்டிய வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டுப் போனான். அது ஆவணி. அதுக்கப்பறம் அவனும் நானும் பேசறதில்ல. சந்தையில பாத்தாக்கூட அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்னு நீங்க நெனக்கறீங்க. எனக்கும் அந்த யோசனை இல்லாம இல்ல. அவ ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பத்து மணிக்குப் போன் பண்ணுவா. சாப்டீங்களாம்பா. சாப்டேன்பேன். மாத்திரை போட்டீங்களாம்பா. போட்டேன்பேன். வெக்கறதுக்கு முன்னால, வேற ஏதாவது சொல்லோணுமாப்பான்னு கேப்பா. ஒண்ணுமில்லம்பேன். வெச்சிருவா. எல்லா ஞாயித்துக்கெழமையும் இதேதான். அதுல நான் எங்க போயி கிளட்ச்சைப் பத்திப் பேசறது? பேச்சு வந்தாத்தானே பேச முடியும்?

தீவாளி நோம்பிக்கு மொத நாள் நானே கூப்பிட்டேன். நோம்பியும் அதுவுமா ஊடு வெறிச்சுனு கெடந்துது. பெரியவன் நான்தானே எறங்கிப் போகோணும்னு எனக்கு மனசு வந்துது. போனது போகட்டும் அம்மிணி, வண்டிய நான் சரி பண்ணிப்போட்டேன், நீ கெடுத்தேன்னு நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல, வந்து ரெண்டு நாள் இருந்துட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போ, அங்க வெச்சு ஓட்டிக்கன்னேன். எத்தனை அப்பன் அப்படிச் சொல்லுவான்?

 லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன். அப்பறம் மெதுவாத்தான் பேசினா.

“அர்த்தநாரி மாமா ஆவணியிலயே சொல்லிட்டாருப்பா. அந்த ரப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பினாரு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

 அந்த அர்த்தநாரி முதுகுல குத்திட்டான்கற நெனப்புத்தான் எனக்கு வந்துது. ரெண்டு மாசமா எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, மாத்திரை போட்டீங்களா, சாப்டீங்களான்னு கேட்டிருக்கா. என்னைய வெச்சு சோதனை பாத்திருக்கா. லேபுக்காரி இல்லீங்களா.

“வண்டி எனக்கு வேண்டாம்ப்பா. வித்துருங்க,” ன்னா.

 போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தேன். கை சும்மா இருக்கமாட்டேங்குது, ஒரு துணிய எடுத்து வண்டிக் கண்ணாடியத் தொடச்சேன். நாலு கதவுக் கண்ணாடியும் தொடச்சேன். அப்பறம் மணி பாக்கலாம்னு போனை எடுத்தா, அது இன்னும் ஓடிக்கிட்டு இருக்குதுங்க. பதினஞ்சு நிமிசம்னு காட்டுது. நாங்க பேசினது மூணு நிமிசம்கூட இருக்காது. நான் கட் பண்ண மறந்துட்டேன். அவளும் கட் பண்ணல.

காதுல வெச்சுப் பாத்தேன். அவ மூச்சு விடறது கேட்டுது. ஆஸ்டல்ல யாரோ பக்கெட்டை இழுத்துக்கிட்டுப் போற சத்தம் கேட்டுது. அவ லைன்லயேதான் இருந்தா. ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்துதுங்க தம்பி. வராம இல்ல. ஆனா யாரு மொதல்ல பேசறதுன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க? பெத்தவன் நான். அவதானே பேசோணும். அவ பேசல. சித்தெ நேரம் பாத்துட்டு நான் செவப்பு பட்டனை அமுத்திப்போட்டேன்.

அந்த வாரம் ஞாயித்துக்கெழமை போன் வரல. அடுத்த வாரமும் வரல. அப்படியே மூணு வாரமாச்சு. வேலை அதிகமா இருக்கும். ஆஸ்பத்திரின்னா அப்படித்தான், நோம்பி நொடின்னு பாக்க முடியாது. அந்தக் கோபத்துலதான் புரோக்கர்கிட்ட வண்டிய விக்கச் சொன்னேன். வித்துருங்கன்னு அவதானே சொன்னா. அவ சொன்னதை நான் என்னைக்குக் கேக்காம இருந்திருக்கேன்?

சரிங்க, நடந்தது இவ்வளவுதான். ஒண்ணும் மறைக்கல. இந்தாங்க சாவி. கோபி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாங்க. பத்து கிலோமீட்டருக்கு மேல ஓட்டிப் பாருங்க, அப்பத்தான் தெரியும். இல்லீங்க, நான் கூட வரல. நீங்களே போயிட்டு வாங்க, நம்பித்தான் குடுக்கறேன். இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க. மணி பத்து ஆகப் போகுது. ரோட்டுல போயிட்டு இருந்தா சத்தத்துல போன் அடிக்கறது கேக்காது.